தீவனத் தொட்டிக்குப் பிள்ளை தேடிய அக்கா

அன்புள்ள சொந்தபந்தங்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் ஸ்தோத்திரம். எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. பூசைக்கு வந்து எங்களோடு முழங்காலிட்ட உங்கள் கையில் இந்தச் சிறிய நினைவு மலரைக் கொடுக்கிறோம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். "கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான், நீ எழுதினால்தான் சரியாக இருக்கும்" என்று பெரியப்பா பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா உலு யாம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு பிறந்தார். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் அவர்தான். எனக்கு இரண்டு வயதில் அம்மா இறந்துபோனார். அப்போது அக்காவுக்குப் பதினான்கு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தவர், அன்றிலிருந்து எனக்கு அம்மாவும் ஆனார். விடியுமுன்னே என்னை முதுகில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போயிருக்கிறார். பிறகு அப்பாவுக்குக் கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் வேலை கிடைத்து எல்லாரும் இந்தத் தோட்டத்துக்கு வந்தோம்.

இங்கேதான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாமா டிராக்டர் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அவர்களுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. மறு வருஷமே செம்பனைப் பழம் ஏற்றி வந்த டிராக்டர் பாரிட்டு வாய்க்காலில் கவிழ்ந்து மாமாவும் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மறுகல்யாணம் பேசியவர்களிடம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினார். அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவும் இல்லை. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை கேட்டுப் போனார். வேலைக்காட்டுக்குப் போகிற தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற அந்தக் கொட்டகையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயாவாக இருந்தார். அந்த வருஷங்களில் இங்கே வளர்ந்த அநேகம் பேர் அக்கா கையால் குளித்தவர்கள். இதைப் படிக்கிறவர்களிலும் பலர் இருப்பீர்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசுவைக் கிடத்துகிற தீவனத் தொட்டியைப் பற்றி. தெரியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துக் கோயில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். டவுன் கோயிலில் பழசாகிப்போன குடில் பொம்மைகளை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, பாலன் எல்லாம் சுண்ணச்சாந்தில் செய்தவை. வருஷம் முழுதும் ரொட்டி டின்னில் கிடந்து டிசம்பரில் வெளியே வரும். அக்கா ஆயாவான முதல் வருஷம் அதைத் துப்புரவு செய்யும் வேலையை அப்பா அவரிடம் கொடுத்தார். பாலன் மேல் தூசியும் கரப்பான் அழுக்கும் ஒட்டியிருந்தது. அக்கா அவரைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்த கையோடு, அதே வெந்நீரில், அதே சோப்புப் போட்டு, பாலனையும் குளிப்பாட்டிவிட்டார். துவட்டிப் பவுடரும் போட்டு, நிழலில் படுக்க வைத்தார். சாயங்காலம் போய்த் தூக்கினால் ஒரு கால் கழன்று கையில் வந்துவிட்டது. முகம் கரைந்து மூக்கு எது கன்னம் எது என்று தெரியவில்லை.

அப்பா கத்தினார். "பொம்மைய எவளாவது வெந்நீர்ல குளிப்பாட்டுவாளா?"

"ஒரு வருஷமா அழுக்கோட கெடந்திருக்குப்பா," என்று அக்கா அழுதார். அதுதான் அவர் சொன்ன காரணம்.

மறுநாள் காலை கிறிஸ்துமஸ். எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் பகலில்தான் வருவார். டவுன் பூசையை முடித்துவிட்டு வரவேண்டும். குடில் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, பாலன் இல்லை. அக்கா என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளையை, நாற்பது நாள்கூட ஆகாத ஓர் ஆண் குழந்தையை, அதன் தாயிடம் கேட்டுத் தூக்கி வந்து தொட்டியில் படுக்க வைத்துவிட்டார். அவர்கள் முனியாண்டி சாமி கும்பிடுகிறவர்கள். தாய் சந்தோஷமாகவே கொடுத்தாள். பூசை முடிந்து, பாலன் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்ய முதலில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் குனிந்தார், பிள்ளை காலை உதைத்தது. அவர் சிரித்துவிட்டார். பிறகு அப்பாவிடம் இனிமேல் பொம்மை தேட வேண்டாம் என்றார்.

இப்படித்தான் ஒரு தவறு வழக்கமாகிப்போனது. தோட்டத்தில் அந்த வருஷம் எந்தப் பிள்ளை கடைசியாகப் பிறந்ததோ, எந்தச் சாதியோ எந்தச் சாமியோ, அதுதான் அந்த வருஷத்துப் பாலன். பூசை முடிந்ததும் தொட்டியில் வைப்போம். எல்லாரும் வரிசையாக வந்து பாதத்தில் முத்தி செய்வோம். வேலைக்கு ஆள் மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி வேடிக்கையாகப் பேசுகிறவர். எங்கள் லோரி டிரைவர் ஒருவரைக் காட்டி, "சின்னதுல சாமியா கெடந்தான். இப்ப சம்பளத்தன்னிக்குக் கள்ளுக்கடையில கெடக்கிறான்லா" என்பார்.

அக்காவுக்கு மட்டும் இது வேடிக்கையாகவோ வழக்கமாகவோ ஆகவே இல்லை. நவம்பர் வந்தால் எந்த வீட்டில் பிள்ளை என்று பார்த்துக்கொண்டிருப்பார். தொட்டியில் வைத்த பிறகு பக்கத்தில் முழங்காலிட்டு, பிள்ளையின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தைதான்.

"பாருங்கடா, நகங்கூட இருக்கு."

தினமும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவர், ஏதோ அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பிள்ளையைப் பார்க்கிறவர் போலச் சொல்வார். நாங்கள் இளவட்டங்கள் பின்னால் நின்று சிரிப்போம். குடில் கட்டுகிற வேலை என்னுடையது. செம்பனை மட்டையில் கூரை போட்டு, சுங்கை பஞ்சாங்கிலிருந்து மாமாவின் கூட்டாளியான ஒரு மலாய்க்கார லோரிக்காரர் கொண்டுவந்து போடும் வைக்கோலைப் பரப்புவேன். வருஷா வருஷம் செய்து எனக்குக் கை பழகிவிட்டது, மனமும் மரத்துவிட்டது. ஒரு தடவை அக்காவிடம் கேட்டும்விட்டேன். "அதே கததானே அக்கா. ஒனக்குச் சலிக்கவே சலிக்காதா?"

"கத அதேதான்டா. புள்ள வேற இல்ல?" என்றார்.

நான் அதையும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அக்கா கள்ளம் கபடம் தெரியாதவர், அதனால் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் நவம்பரில், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, எனக்கும் என் மனைவிக்கும் மகள் பிறந்தாள். மேலுதடு மூக்குவரை பிளந்து பிறந்தாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், பிள்ளை பத்து ராத்தல் எடை ஏறட்டும், தைத்துவிடலாம் என்றார். ஐந்து ராத்தல்தான் இருந்தாள். மார்பில் வைத்தால் சப்ப முடியவில்லை, புட்டியிலும் முடியவில்லை. கொடுக்கிற பால் மூக்கு வழியாக வந்தது. இந்த நிலைமையில் எடை எப்படி ஏறும்? லயத்து வீடுகளில் ஆளுக்கொன்று பேசினார்கள். கிரகணத்தன்று என் மனைவி வெளியே நின்று காய் நறுக்கினாளாம். ஒருத்தி வந்து அப்படிச் சொன்ன பிறகு, என் மனைவி பிள்ளையின் முகத்தில் துவாலையைப் போட்டு மூடிவிட்டாள். யார் வந்தாலும் எடுப்பதில்லை. நானும் எடு என்று சொல்லவில்லை. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. கடவுள் மன்னிப்பாராக.

அக்கா வந்தார். "புள்ளையக் காட்டும்மா" என்றார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "தூங்குது அண்ணி" என்றாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"என் புள்ளைய நானும் இப்படித்தாம்மா மூடியே வச்சிருந்தேன். குளுந்த காத்து பட்டுரும்னு சொன்னாங்க. கையி காலெல்லாம் சுத்தி, ஒம்பது நாளு. மண்ணுக்குக் கொண்டு போறப்பவும் துணியோடயே கொண்டு போயிட்டாங்க. அவனுக்கு நகம் மொளச்சிருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

என் மனைவி துவாலையை எடுத்தாள். அக்கா பார்த்தார். உதட்டையும் பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு கையைப் பிரித்தார்.

"பாரேன், நகங்கூட இருக்கு."

அன்றைக்கே, பிள்ளைக்குப் பால் புகட்ட அம்மா வைத்திருந்த மூக்குக் கிண்ணத்தை, அந்தப் பழைய பாலாடையைத் தேடி எடுத்து வந்தார். பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். காலையிலும் மாலையிலும் நாங்கள் கொடுத்தோம். பத்து மணிப் பால் மட்டும் அக்காவுடையது. கொட்டகையை இன்னோர் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, மழையோ வெயிலோ, பத்துக்கு வந்து நிற்பார். கொட்டகைத் தராசில் வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்தும் பார்ப்பார்.

டிசம்பர் வந்தது. கணக்குப்படி தோட்டத்தில் கடைசியாகப் பிறந்தவள் என் மகள். மண்டோர் மனைவி அக்காவிடம் வந்து பேசினார். அவருக்கு ஆகஸ்டில் பிறந்த பேரன் ஒருவன் இருந்தான், கொழுகொழு என்று. "பாவம், அந்தப் புள்ளைய எதுக்கு ஊரு முன்னாடி கெடத்தணும்? எங்க பேரன வச்சுக்கலாம்லா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் அவர் பக்கம்தான் நின்றேன்.

அக்கா கேட்கவில்லை. "கடசியாப் பொறந்த புள்ளைக்குத்தான் தொட்டி. வந்தா வரட்டும். வரலன்னா காலியாக் கெடக்கட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னை வளர்த்தவர் என்றும் பார்க்காமல், "ஊரே வரிசையில வந்து எம் புள்ள வாயப் பாக்கணுமா? அதான் ஒனக்கு வேணுமா?" என்று கேட்டேன். குடிலும் கட்ட மாட்டேன், பூசைக்கும் வரமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. வழக்கம்போல் பத்து மணிக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை. குடிலை அவரே தனியாகக் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிறிஸ்துமஸ் காலையில் நான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் வந்துவிட்டார், பூசை தொடங்கிவிட்டது, பாட்டுச் சத்தம் கேட்டது. முதல்நாள் மழையில் செம்மண் பாதை சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றில், சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, தலையில் போட்ட முக்காடு நழுவ, அக்கா வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்து அக்கா எந்தப் பூசையிலும் பாதியில் எழுந்து வந்தவர் இல்லை.

"பூச முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. பிரசங்கத்துக்கு எந்திரிச்சாரு."

"அப்புறம் ஏன் வந்த?"

"பத்தாச்சுல்ல," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவி உள்ளே போனார்.

பாலாடையை வெந்நீரில் கழுவினார். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு சொட்டாக, முக்கால் மணி நேரம். அவசரப்படவே இல்லை. ஏப்பம் விட வைத்து, வாயைத் துடைத்து, பிள்ளையை என் மனைவியிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி நடந்தார். தொட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வா என்று கூடச் சொல்லவில்லை.

பாலனைக் கும்பிடுவதும் என் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் அக்காவுக்கு ஒரே வேலைதான் என்பது அப்போதுதான் என் புத்தியில் ஏறியது. அவருக்கு இரண்டும் வேறாக இருந்ததே இல்லை. வேறாகப் பார்த்தவன் நான்.

"அக்கா, இரு" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கென்று கிறிஸ்துமஸுக்குத் தைத்தது. எப்போது தைத்தாள் என்று எனக்குத் தெரியாது. துவாலை போடவில்லை. மூன்று பேரும் சேற்றில் நடந்து போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நற்கருணை நன்மை கொடுத்து முடித்திருந்தார்கள். தொட்டியில் வைக்கோல் மட்டும் கிடந்தது. பிள்ளையை நானே படுக்க வைத்தேன். வயிறு நிறைந்திருந்ததால் அவள் அழவில்லை, விழித்துக்கொண்டு கிடந்தாள். சாமியார் முத்தி செய்தார். அக்கா முழங்காலிட்டு விரல்களைப் பிரித்தார், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அந்த வருஷம் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். மண்டோர் மனைவி இடுப்பில் பேரனோடு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் என் மனைவியைப் பார்த்து, "பாலு எப்படிம்மா குடிக்குது?" என்று கேட்டார்.

"பாலாடையிலக்கா. பத்து மணிப் பாலு அண்ணி குடுப்பாங்க," என்றாள் என் மனைவி. பிள்ளை பிறந்த பிறகு அவள் வெளியாளிடம் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மண்டோர் மனைவி குனிந்து பாதத்தில் முத்தி செய்தார். பிறகு பேரனுடைய தலையையும் பிடித்துக் குனியவைத்தார்.

கடைசி ஆளாக நான் போனேன். ஆறு வாரமாக என் கையில் கிடந்த பிள்ளை. ஆனால் உதட்டுக்குக் கீழே நான் அவளைப் பார்த்ததே இல்லை. அன்றுதான் பாதத்தைப் பார்த்தேன். குருணை அரிசி மாதிரி ஐந்து நகம். இத்தனை வருஷம் குடில் கட்டியும், அதில் யார் படுத்திருக்கிறார் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. சர்வேசுரன் இவ்வளவு சின்ன நகத்தோடு வந்தார் என்பதை அக்கா ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

மகள் சித்திரை மாதம் பத்து ராத்தல் ஏறினாள். அன்றைக்கு லயம் முழுவதும் அதுதான் பேச்சு. நல்லபடியாகத் தைத்துவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் மூக்கால் வரும், அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி முன்பே இருந்திருக்கிறது. மற்றவர்களைக் கவனித்த அளவுக்குத் தன்னைக் கவனிக்கவில்லை. கடைசி இரண்டு வருஷம் கண் தெரியவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். கொட்டகையிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இளவட்டங்கள் ராவாங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அக்கா இருந்த கடைசி கிறிஸ்துமஸில், அப்படிப் போனவர்கள் கொண்டுவந்த ஒரு பெண் பிள்ளைதான் தொட்டியில் கிடந்தது. அக்காவைக் கைப்பிடித்து அழைத்துப் போனோம். விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

இறந்த அன்று காலையில் நல்ல நினைவோடு இருந்தார். "பத்தாச்சா?" என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்று என் மகள் சொன்னாள். சரி என்றார். செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது.

அக்காவுக்குக் கடைசிவரை நன்மை கொண்டுவந்து கொடுத்த பங்குச் சாமியாருக்கும், கண் தெரியாத நாட்களில் தினமும் வந்து தலைவாரிவிட்ட மண்டோர் மனைவிக்கும், மழையில் பெட்டியைத் தோளில் சுமந்த ராவாங் தம்பிகளுக்கும், அம்பாங் பெச்சாவிலிருந்து வந்து எங்களோடு ஒரு வாரம் தங்கிய பெரியப்பா குடும்பத்துக்கும், கேட்காமலே இன்றும் வைக்கோல் கொண்டுவந்து போடுகிற லோரிக்காரருக்கும், எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் வருத்தப்பட வேண்டாம். அக்காவுக்கு உங்களைத் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. போன கிறிஸ்துமஸில் தோட்டத்தில் பிள்ளையே இல்லை. யாரோ கோலாலம்பூரிலிருந்து ஒரு பாலன் பொம்மை வாங்கிக் கொடுத்தார்கள், அதை வைத்தோம். என் மகள் அதைத் தூக்கிப் பார்த்து, "இதக் குளிப்பாட்டக் கூடாதுல்லப்பா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். நகம் வரைந்திருந்தார்கள். இருந்தாலும் மனம் நிறையவில்லை.

நம் சொந்தத்தில் இந்த வருஷம் இரண்டு வீட்டில் பிள்ளை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். பிறந்ததும் சொல்லி அனுப்புங்கள். தொட்டிக்குத் தாருங்கள் என்று நான் கேட்க மாட்டேன். வந்து பார்த்துவிட்டுப் போவேன், அவ்வளவுதான். கொண்டுவருவதாக இருந்தால், பிள்ளைக்குப் பால் நேரம் எது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி பூசை நேரத்தை வைக்கச் சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி